பஷ்தோ பழக வருகிறவர்களுக்கு: எதை முதலில் பிடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது

ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது நாலு வருஷம் இரண்டு பஷ்தூன்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். ஒருவர் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், டாக்ஸி ஓட்டினார். இன்னொருவர் ஆப்கானிஸ்தானின் கந்தஹார்க்காரர், பழ மார்க்கெட்டில் வேலை. அவர்கள் பேசுவது காதில் விழ விழ ஆசை வந்து, ஒரு புத்தகம் வாங்கி எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு மாதம் எழுத்துகளோடு மல்லுக்கட்டியும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்க வரவில்லை. அப்புறம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவர்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் நிலைத்தது. அந்த அனுபவத்தில் எனக்குச் சரியென்று பட்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. பஷ்தோ ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுசாக எழுத முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் பஷ்தோ சொற்களில் ‘ஜ’ என்று இருந்தால் ‘ஜீரோ’ என்னும்போது வரும் ஜ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த’ பல இடங்களில் ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய த. சொல் கடைசியில் தனி ‘அ’ இருந்தால் பெரும்பாலும் அது விழுங்கிய மாதிரிக் குறுகி ஒலிக்கும். மீதியைக் கேட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

இது எந்த மொழி

எழுத்து ஒரே மாதிரி தெரிவதால் பஷ்தோவை உருதுவின் கிளை என்றும் அரபியின் உறவு என்றும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. இரண்டும் இல்லை. அரபி வேறு குடும்பம். பஷ்தோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில், ஈரானியப் பிரிவில், அதிலும் கிழக்கு ஈரானியக் கிளையில் வருவது. பாரசீகமும் ஆப்கானிஸ்தானின் தரியும் மேற்குக் கிளை, ஆகவே அவை பங்காளிகள்தான், ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தானாகப் புரியாது. பழைய ‘த’ ஒலி பஷ்தோவில் பல சொற்களில் ‘ல’ ஆகிவிட்டது. பத்து சமஸ்கிருதத்தில் தச, பாரசீகத்தில் தஹ், பஷ்தோவில் லஸ். மகள் பாரசீகத்தில் துக்தர், பஷ்தோவில் லூர். கை அங்கே தஸ்த், இங்கே லாஸ். இந்த ஒரு சாவி தெரிந்தால், கொஞ்சம் பாரசீகம் அறிந்தவர்களுக்குப் பல சொற்கள் முகம் காட்டும்.

ஆப்கானிஸ்தானில் 1936-இல் இதை ஆட்சிமொழியாக அறிவித்தார்கள், 1964 அரசியலமைப்பு பஷ்தோ, தரி இரண்டையும் ஆட்சிமொழி என்றது. பாகிஸ்தானில் கைபர் பக்தூன்க்வா மாகாணம், பலூசிஸ்தானின் வடபகுதி, அப்புறம் கராச்சி நகரம். பாகிஸ்தான் மக்கள்தொகையில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு இதுதான் தாய்மொழி. நாம் எல்லை காந்தி என்று சொல்லும் கான் அப்துல் கஃபார் கான் பேசியதும் எழுதியதும் இந்த மொழியில்தான். 1928-இல் ‘பக்தூன்’ என்ற இதழையே அவர் பஷ்தோவில் நடத்தினார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம்: நங்கர்ஹாரிலிருந்து வந்த ரஷீத் கானின் ஊர்ப் பேச்சு இதுதான்.

யாருடைய பஷ்தோ என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒருநாள் ராத்திரி இந்த மொழியின் பெயரை எழுதிக்காட்டச் சொல்லி, ஒரு பெட்ரோல் ரசீதின் பின்பக்கத்தைக் கந்தஹார்க்காரரிடம் நீட்டினேன். எழுதிவிட்டு ‘பஷ்தோ’ என்று வாசித்தார். அந்தத் துண்டை அப்படியே வாங்கிப் பார்த்த ஸ்வாத்காரர் ‘புக்தோ’ என்று வாசித்தார். இரண்டு பேரும் சரி. நடுவில் இருக்கும் அந்த ஒரு எழுத்து, சீன் என்ற எழுத்தின் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, கந்தஹாரில் நாக்கை மடித்துச் சொல்லும் ஷ, குவெட்டாவில் சாதாரண ஷ, பெஷாவர் பக்கம் தொண்டையில் உரசும் க. பெஷாவர் என்ற ஊர்ப் பெயரிலேயே அந்த எழுத்து இருப்பதால் ஊர்க்காரர்கள் ‘பேகவர்’ என்பார்கள். ‘நல்லது’ என்ற சொல் ஒருவருக்கு ‘ஷ’, இன்னொருவருக்கு ‘க’. இதே மாதிரி இன்னொரு எழுத்து தெற்கில் (கந்தஹார் பக்கம்) ‘ழ்ஜ’ போல உரசும், வடக்கில் (பெஷாவர், ஸ்வாத் பக்கம்) சாதாரண ‘க’ (கங்கையின் முதல் க). காது என்ற சொல் தெற்கே ‘க்வழ்ஜ்’, வடக்கே ‘க்வக்’.

தெற்குப் பேச்சில் ‘ட்ஸ’ என்று வருவது வடக்கில் வெறும் ‘ஸ’. ‘என்ன’ என்பதற்கு அங்கே ‘ட்ஸ’, இங்கே ‘ஸ’. வஜீரிஸ்தான் பக்கம் போனால் உயிரெழுத்துகளே நகர்ந்துவிடும். அம்மாவுக்கு மற்ற இடங்களில் ‘மோர்’, அங்கே ‘மேர்’. அப்பா ‘ப்லார்’, அங்கே ‘ப்லோர்’.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள், ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள் என்பது இந்த மொழியின் பெரிய சொத்து. ஆனால் புதிதாக வருகிறவர் இரண்டையும் கலந்து பேசினால் யாருக்கும் ஒட்டாது. உங்களுக்குப் பேச ஆள் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லையென்றால் வானொலியை நம்பலாம், பிபிசி பஷ்தோ ஒலிபரப்பு 1981-இலிருந்து இருக்கிறது. நான் வடக்குப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன், டாக்ஸிக்காரர் ஓயாமல் பேசுவார் என்ற ஒரே காரணத்துக்காக.

முதல் வாரத்துக்கு ஏழெட்டு வாக்கியம் போதும்

இலக்கணத்துக்கு முன்னால் இவற்றை வாயில் ஏற்றிவிடுங்கள். வழியில் எதிர்ப்படும் ஆணுக்கு ‘ஸ்தடை ம ஷே’, அதாவது களைத்துப்போகாதிரு. பெண்ணுக்கு ‘ஸ்தடே ம ஷே’. பதில் ‘க்வார் ம ஷே’, வறுமைப்படாதிரு. நலமா என்று கேட்பதற்கு முன்பே உன் களைப்பைப் பற்றிக் கவலைப்படுகிற இந்த வணக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வருகிறவருக்கு ‘ப கைர் ராக்லே’, நல்லபடியாக வந்தாய். ‘ஸங்க யே?’ எப்படி இருக்கிறாய், பதில் ‘க யம்’, நன்றாக இருக்கிறேன். நன்றிக்கு ‘மனன’. ஆமாம் ‘ஹோ’, இல்லை ‘ந’. விடைபெறும்போது ‘த குதாய் ப அமான்’.

‘ஜ பஷ்தோ ஜ்த கவம்’ என்றால் நான் பஷ்தோ கற்கிறேன். ‘வ்ரோ வ்ரோ வாய’ என்றால் மெதுவாக, மெதுவாகச் சொல்லு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் உங்களை விடமாட்டார். அறிமுகமில்லாதவர்களிடம் ‘த’ (நீ) வேண்டாம், ‘தாஸோ’ (நீங்கள்) என்று பேசிப் பழகுங்கள். வயதான ஆண்களை ‘காகா’ என்று கூப்பிடலாம், அப்பா வழிப் பெரியப்பா சித்தப்பாவுக்கான சொல் அது. அம்மாவின் சகோதரர் நமக்கு இருக்கிற மாதிரியே ‘மாமா’.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஷ்தோ என்பது பேச்சுக்கு மட்டும் பெயரல்ல. விருந்தோம்பலும் மானமும் அடைக்கலம் தருவதும் சேர்ந்த வாழ்க்கை முறைக்கும் அதே பெயர்தான், ‘பஷ்தோ செய்வது’ என்றே சொல்வார்கள். அதனால்தான் ஒரு அந்நியர் இந்த மொழியில் நாலு வார்த்தை பேசினால் அவர்கள் முகம் அப்படி மலர்கிறது.

ஒலி: நமக்கு இருக்கும் லாபம்

ஐரோப்பியர்கள் பல மாதம் திணறும் இடத்தில் தமிழர்களுக்கு வேலையே இல்லை. பஷ்தோவில் நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண எல்லாம் உண்டு. ஈரானிய மொழிகளில் இவை அபூர்வம், இந்தியத் துணைக்கண்டத்தின் பக்கத்தில் இருந்ததால் பஷ்தோவில் ஊறியவை. ஆப்பிளுக்கு ‘மண’ என்பார்கள், நம்முடைய ண அப்படியே. ‘ஸடை’ என்றால் ஆண், மனிதன். அதில் வரும் ஒலியை ர, ற என்று தேடாதீர்கள். நாம் ‘நாடு’, ‘வீடு’ என்று வேகமாகச் சொல்லும்போது டகரம் எப்படித் தட்டிவிட்டுப் போகிறதோ அதற்கு மிக அருகில் இருக்கிறது.

தொண்டை ஒலிகள் இரண்டு இருக்கின்றன. ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் க ‘கல்’ என்பதில் வரும் க இல்லை, காற்று உரசுகிறது. அந்த உரசலைக் கொஞ்சம் பின்னால் தள்ளி அழுத்தினால் கிட்டத்தட்ட வந்துவிடும். அரபியிலிருந்து வந்த சொற்களில் இருக்கும் ஆழமான தொண்டை ஒலிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரணப் பேச்சில் அவர்களே அவற்றைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். ‘ஃப’வும் அப்படித்தான், ‘ஃபிக்ர்’ (கவலை) கிராமத்தில் ‘பிகர்’ ஆகிவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில். சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். ல்மர் (சூரியன்), ஷ்ப (இரவு), ஜ்ட (இதயம்), ஸ்போக்மை (நிலா), வ்ரோர் (சகோதரன்). ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ ஆக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அது இங்கே உதவாது. ஒரு உத்தி சொல்கிறேன்: முன்னால் ஒரு உயிரெழுத்தில் முடியும் சொல்லைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். ‘மா ல்மர்’ என்று சேர்த்துச் சொல்லும்போது ‘மால்-மர்’ என்று தானாகப் பிரிந்து வாய்க்கு வசதியாகிவிடும். பத்து நாளில் முன்சொல் இல்லாமலே வரும்.

பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள்

நமக்கு ஆண்பால் பெண்பால் உயர்திணையோடு சரி, வீடும் கதவும் அஃறிணை. பஷ்தோவில் எல்லாவற்றுக்கும் பால் உண்டு, சூரியன் ஆண், நிலா பெண், வீடு (கோர்) ஆண், கதவு (தர்வாஜ) பெண். மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ‘அ’-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ஆனால் சாலைக்கான ‘லார்’ மெய்யில் முடிந்தும் பெண்பால். தண்ணீருக்கான ‘ஓப’ எப்போதுமே பன்மை.

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லையும் ஒரு அடைமொழியோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ‘லோய்’ என்றால் பெரிய, பெண்பாலில் ‘லோய’. லோய் கோர், பெரிய வீடு. லோய லார், பெரிய சாலை, நெடுஞ்சாலைக்கே அதுதான் பெயர். ஆப்கானிஸ்தான் செய்தி வரும்போதெல்லாம் நாளிதழில் ‘லோயா ஜிர்கா’ என்று படித்திருப்பீர்களே, அது இதுதான்: ஜிர்க (சபை) பெண்பால், அதனால் லோய் என்பது லோய ஆனது. வெள்ளை ‘ஸ்பின்’. இரு நாட்டு எல்லையில் இருக்கும் ஸ்பின் கர் என்றால் வெள்ளை மலை, மலை ஆண்பால் ஆகவே ஸ்பின். பனி (வாவ்ர) பெண்பால், அதனால் ‘ஸ்பின வாவ்ர’. கறுப்பு ‘தோர்’, கைபர் பக்தூன்க்வாவில் தோர் கர் என்று ஒரு மாவட்டமே இருக்கிறது. வரைபடத்தை விரித்துவைத்தால் பாதி இலக்கணம் அதிலேயே கிடைக்கும்.

சொல் வரிசையில் நமக்குச் சிரமமே இல்லை, வினை கடைசியில்தான். உடைமையும் நம் வரிசைதான், உடையவர் முன்னால், பொருள் பின்னால். ஆனால் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் நிற்கும். ‘த காபுல் லார்’, காபுலின் சாலை. ‘ஜ த ஹிந்த் யம்’, நான் இந்தியாவைச் சேர்ந்தவன். சில உருபுகள் இரண்டு துண்டாக வந்து சொல்லை நடுவில் வைத்து அணைத்துக்கொள்ளும். வீட்டில் என்பதற்கு ‘ப கோர் கே’.

இறந்தகாலம்: இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள்

நிதானமாகப் பாருங்கள். நிகழ்காலம் நம் மாதிரிதான். ‘ஜ ல்மர் வினம்’, நான் சூரியனைப் பார்க்கிறேன். ‘ஜ ஸ்போக்மை வினம்’, நான் நிலாவைப் பார்க்கிறேன். வினையின் கடைசியில் இருக்கும் ‘அம்’ நான் என்பதைக் காட்டுகிறது, நம்முடைய ‘ஏன்’ போல.

இறந்தகாலத்துக்கு வந்தவுடன் எல்லாம் தலைகீழ். ‘மா ல்மர் வலித்’, நான் சூரியனைப் பார்த்தேன். ‘மா ஸ்போக்மை வலித’, நான் நிலாவைப் பார்த்தேன். ‘ஜ’ என்பது ‘மா’ என்று வேற்றுமை வடிவத்துக்கு மாறிவிட்டது. வினை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சூரியன் ஆண்பால் என்பதால் வலித், நிலா பெண்பால் என்பதால் வலித. அந்த மனிதன் என்னைப் பார்த்தான் என்றால் ‘ஸடி ஜ வலிதம்’. பார்த்தவன் அவன், ஆனால் வினையில் ஒட்டியிருப்பது ‘நான்’! செயப்படுபொருளைத்தான் வினை பின்தொடர்கிறது. இந்தியில் ‘மைனே’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் தெரிந்தவர்களுக்குப் பாதித் தூரம் குறைவு, பஷ்தோ இன்னும் ஒரு படி மேலே போய்த் தன்மை, முன்னிலை விகுதியையும் செயப்படுபொருளுக்கே கொடுத்துவிடுகிறது.

செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்கு இந்த வம்பு கிடையாது. ‘ஜ ராக்லம்’, நான் வந்தேன். அவ்வளவுதான்.

பழகுவதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் தினமும் கேட்டது: ‘டோடை தே வக்வட?’ டோடை என்றால் ரொட்டி, சாப்பாடு என்ற பொருளும் அதற்கே. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு இதுதான். ‘தே’ என்பது நீ என்பதன் ஒட்டுச்சொல், வாக்கியத்தில் எப்போதும் இரண்டாவதாக வந்து உட்காரும். ‘வ’ செயல் முடிந்ததைக் காட்டும் முன்னொட்டு. கடைசி ‘அ’ ஏன் என்றால் டோடை பெண்பால், அதைச் சாப்பிட்டது நீங்களோ நானோ ஊரோ, எல்லாருக்கும் ‘வக்வட’தான். பதிலுக்கு ‘டோடை மே வக்வட’, தேக்குப் பதில் மே. பால், ஒட்டுச்சொல், முன்னொட்டு, தலைகீழ் இறந்தகாலம் எல்லாமே இந்த மூன்று சொல்லுக்குள் இருக்கிறது, தினமும் மூன்று வேளை கேட்கவும் வாய்ப்பு கிடைக்கும்.

தா, கொடு: ரா, தர், வர்

கொடுத்தல் வினையில் பஷ்தோ திசையைச் சொல்லிவிடும். என் பக்கம் வந்தால் ரா, உன் பக்கம் வந்தால் தர், மூன்றாமவர் பக்கம் போனால் வர். ‘சாய் ராக’, எனக்கு டீ தா. ‘சாய் வர்க’, அவருக்கு டீ கொடு. ‘தர்கவம்’, உனக்குத் தருகிறேன். தொல்காப்பியம் தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, கொடு, செல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. நாம் பேச்சில் அதைப் பாதி விட்டுவிட்டோம், அவர்கள் மூன்றாகப் பிரித்து இன்றும் கறாராக வைத்திருக்கிறார்கள். வருவதற்கும் இதே ‘ரா’தான், மேலே ‘ராக்லம்’ என்று பார்த்தீர்களே.

எழுத்து: இரண்டாம் மாதத்தில்

வலமிருந்து இடம், அரபி–பாரசீக எழுத்தின் மேல் பஷ்தோவுக்கென்று கூட்டிய எழுத்துகள், மொத்தம் நாற்பத்து நாலு ஐந்து என்று கணக்கிடுவார்கள். கொஞ்சம் பேசிவிட்டு இங்கே வந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஏற்கெனவே தெரிந்த ஒலியாக இருக்கும். ட, ண வகை எழுத்துகளில் ஒரு குட்டி வளையம் தொங்கும். வளையம் கண்டால் நாக்கை மடியுங்கள்.

படுத்துவது ‘ய’தான், ஐந்து விதம் இருக்கிறது. மனிதன் என்ற ‘ஸடை’யில் கடைசி எழுத்தின் கீழே புள்ளி கிடையாது. அதே எழுத்தின் கீழே இரண்டு புள்ளி வைத்தால் ‘ஸடி’, மனிதர்கள். புள்ளிகள் செங்குத்தாக நின்றால் ஏ. சின்ன வால் இருந்தால் பெண்பால் பெயரின் ஐ. மேலே ஹம்ஸா என்ற சின்னக் குறி இருந்தால் ‘நீங்கள்’ என்ற வினை விகுதி. போனில் தட்டச்சு செய்யும்போது பாரசீகக் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றாதீர்கள், பஷ்தோ கீபோர்டையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சொல்லித்தருபவருக்கே பஷ்தோ எழுத வராமல் இருக்கலாம். பாகிஸ்தான் பக்கம் பலர் படித்தது உருதுவிலும் ஆங்கிலத்திலும். என் ஸ்வாத் நண்பர் அப்படித்தான், அழகாகப் பேசுவார், எழுதச் சொன்னால் கூச்சப்படுவார். அவரிடம் எழுத்தைக் கேட்டுச் சங்கடப்படுத்தாமல் பேச்சை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் லண்டை

நாலைந்து மாதம் கழித்து, ரஹ்மான் பாபா, குஷால் கான் கட்டக் மாதிரிப் பழைய பெருங்கவிஞர்களை எடுப்பதற்கு முன்னால், லண்டை என்ற குட்டி நாட்டுப்பாட்டைக் கேளுங்கள். பெஷாவர் பக்கம் டப்ப என்பார்கள். இரண்டே அடி. முதல் அடியில் ஒன்பது அசை, இரண்டாவதில் பதின்மூன்று, முடிவு ‘ம’ அல்லது ‘ன’ என்ற ஒலியில். எதுகை கட்டாயமில்லை. எழுதியவர் பெயர் இருக்காது, பெரும்பாலும் பெண்கள் கட்டியவை, காதல், பிரிவு, போர், கிழட்டுக் கணவன் மேல் கோபம் வரை எல்லாம் வரும். 1880 ஜூலை 27 அன்று ஆங்கிலேயருக்கு எதிரான மைவந்த் போரில் பின்வாங்கிய வீரர்களை மலாலை என்ற பெண் பாடித் திருப்பினாள் என்று சொல்வதும் ஒரு லண்டையைத்தான். மலாலா யூசுஃப்சாய்க்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஒன்றை எடுத்து விரல்விட்டு அசைகளை எண்ணுங்கள். ஒன்பது வரவில்லையென்றால் எங்கோ ஒரு குறுகிய ‘அ’வை விழுங்கிவிட்டீர்கள் அல்லது ஸ்-க்கு முன்னால் ஒரு ‘இ’யைச் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுபடி கேளுங்கள், மறுபடி எண்ணுங்கள். எனக்கு முதல் லண்டை சரியாக ஒன்பதும் பதின்மூன்றுமாக வந்த அன்று, கந்தஹார்க்காரர் அதையே தன் ஊர் ஷகரத்தோடு திரும்பச் சொல்லிக் காட்டினார். அதிலும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது, பதின்மூன்று.